பழைய இயந்திரத்துக்குப் புதிய மூளை

மோட்டார் ஒன்று எரிந்து போனால் நாம் என்ன செய்கிறோம்? கழற்றி எடுத்துக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோகிறோம். அவர்கள் கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, அதே கனமுள்ள புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றித் தந்துவிடுகிறார்கள். மோட்டார் முப்பது ஆண்டுப் பழையதானாலும் கவலையில்லை. பல்சக்கரம் உடைந்தால் பட்டறையில் அளவெடுத்துப் புதிதாக வெட்டிக் கொள்ளலாம். பேரிங் தேய்ந்தால் எண்ணைச் சொல்லிக் கடையில் வாங்கிவிடலாம்.

ஆனால் அதே இயந்திரத்தை ஆட்டிவைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், விரல் நீளமே உள்ள ஒரு கறுப்புச் சில்லு பழுதாகிவிட்டால்? அதை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. அதை விற்ற கடையில் அது இராது. அதைச் செய்த கம்பெனியே அதைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இரும்பும் செம்பும் நல்ல நிலையில் இருக்க, நகத்தளவு சிலிக்கான் இல்லாத காரணத்தால் இயந்திரம் முழுவதும் நின்றுவிடுகிறது.

இந்த விசித்திரமான நிலைமை எப்படி ஏற்பட்டது? உலகெங்கும் உள்ள பொறியியல் வல்லுநர்கள் இதை எப்படிச் சமாளித்து வருகிறார்கள்? இதன் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சற்றே காண்போம்.

ரிலேக்களின் காலம்

இயந்திரங்களுக்கு மின்னணு மூளை வருவதற்கு முன்னால் அவற்றை ஆண்டு வந்தவை ரிலேக்கள். ரிலே என்பது மிக எளிய சாதனம். ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஒரு சிறு தகட்டை இழுக்கும்; தகடு இழுக்கப்பட்டதும் வேறொரு மின்சுற்று மூடும் அல்லது திறக்கும். அவ்வளவுதான். ஆனால் இத்தகைய ரிலேக்களைத் தக்கபடி இணைத்தால், "கதவு மூடியிருந்து, எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்து, பொத்தானும் அழுத்தப்பட்டால் மட்டுமே மோட்டார் ஓடட்டும்" என்பது போன்ற கட்டளைகளை அமைத்துவிடலாம்.

பெரிய கார்த் தொழிற்சாலைகளில் இப்படி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ரிலேக்கள் பீரோக்களைப் போன்ற பேனல்களில் வரிசையாக நின்றன. அவற்றில் ஒரு நன்மை இருந்தது. ஒரு ரிலே பழுதானால் அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பொருத்தினால் போதும். எந்தக் கம்பெனியின் ரிலேயாக இருந்தாலும் சுருளின் வோல்ட்டும் தொடுமுனைகளின் எண்ணிக்கையும் தாங்கும் மின்னோட்டமும் பொருந்தினால் வேலை நடக்கும்.

தீமை வேறிடத்தில் இருந்தது. புதிய மாடல் கார் வரும்போது இயந்திரங்களின் வேலை முறையும் மாறியாக வேண்டும். அப்போது பேனல்களில் உள்ள கம்பிகளையெல்லாம் பிரித்து மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. மாற்றி அமைப்பதைவிட, பழைய பேனலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதே மலிவு என்ற நிலைகூட இருந்தது. பிழை எங்கே என்று தேடுவதோ பெரும் துன்பம்.

1968-இல் பிறந்த யோசனை

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில், கார்களுக்கான தானியங்கிக் கியர்ப் பெட்டிகளைச் செய்யும் ஹைட்ராமாட்டிக் பிரிவு 1968-ஆம் ஆண்டு ஒரு கோரிக்கையை வெளியிட்டது. ரிலேப் பேனலுக்குப் பதிலாக ஒரு மின்னணுச் சாதனம் வேண்டும். அதன் வேலை முறையைத் தொழிற்சாலையிலேயே எளிதாக மாற்றியமைக்க முடிய வேண்டும். தூசியும் சூடும் அதிர்வும் நிறைந்த சூழ்நிலையைத் தாங்க வேண்டும். ரிலேப் பேனலைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். விலையிலும் அதனோடு போட்டியிட வேண்டும் என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் கதைக்கு மிக முக்கியமானது: பழுது பார்ப்பது எளிதாக இருக்க வேண்டும், கூடியவரை செருகிக் கழற்றக்கூடிய பகுதிகளாக அமைய வேண்டும் என்பதே அது. கட்டுப்பாட்டுக் கருவியின் உறுப்புகளை மாற்றுவது பற்றிய கவலை, அக்கருவி பிறக்கும் முன்பே பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

அதே 1968-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சிறு ஆலோசனைக் கம்பெனியைச் சேர்ந்த டிக் மார்லி என்ற பொறியியல் வல்லுநர் இதே போன்ற ஒரு கருவிக்கான திட்டத்தைத் தாளில் எழுதி வைத்தார். அவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து செய்த கருவி அக்கம்பெனியின் எண்பத்து நான்காவது திட்டம். ஆகவே அதற்கு 084 என்று பெயரிட்டார்கள். அதை விற்பதற்கென்றே மோடிகான் என்ற புதிய கம்பெனியையும் தொடங்கினார்கள். 'மாடுலர் டிஜிட்டல் கன்ட்ரோலர்' என்ற ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அமைத்த பெயர் அது. 'மாடுலர்' என்றால் கழற்றி மாற்றக்கூடிய தனித்தனிப் பகுதிகளால் ஆனது என்று பொருள்.

போட்டிக்கு வந்த வேறு கருவிகளும் இருந்தன. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணிப்பொறிக் கம்பெனி பி.டி.பி.-14 என்ற கருவியைக் கொண்டு வந்தது. அதன் கட்டளைகள் கம்பிகளாகக் கோத்துப் பின்னிய நினைவகத்தில் இருந்தன. கட்டளையை மாற்ற வேண்டுமானால் அதைச் செய்த கம்பெனியையே நாட வேண்டியிருந்தது. மோடிகானிலோ தொழிற்சாலையிலேயே கட்டளைகளை மாற்ற முடிந்தது. மின்தொழிலாளிகள் ஏற்கனவே பழகியிருந்த ரிலேப் படங்களைப் போன்ற 'ஏணி' வடிவத்திலேயே அவற்றை எழுதவும் முடிந்தது. 1969-இல் 084 ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. இன்று தொழிலாளர்கள் 'பி.எல்.சி.' என்று சுருக்கமாக அழைக்கும் கருவியின் தொடக்கம் இதுவே.

084-இல் விசிறி கிடையாது. வெளிக்காற்றும் தூசியும் உள்ளே புகாத உறுதியான பெட்டியில் அது இருந்தது. அதன் நினைவகம் சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழியாது. ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிய முதற் கருவிகளுள் ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இடையறாது உழைத்தபின் ஓய்வு பெற்று, செய்தவர்களிடமே நினைவுப் பொருளாகத் திரும்பி வந்தது.

இருபது ஆண்டுகள்! இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

சில்லு வந்தது, சிக்கலும் வந்தது

084-இன் மூளை ஒரே சில்லு அன்று. பல சிறு சில்லுகளைப் பலகைகளில் பொருத்தி அமைத்தது அது. அத்தகைய சிறு சில்லுகளைப் பல கம்பெனிகள் ஒரே எண்ணில், ஒரே அமைப்பில் செய்து வந்தன. ஒருவரிடம் கிடைக்காவிட்டால் இன்னொருவரிடம் கிடைக்கும்.

1971-இல் இன்டெல் கம்பெனி 4004 என்ற சில்லை வெளியிட்டது. 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்த ஒரே சில்லுக்குள் கணிப்பொறியின் மூளை முழுவதும் அடங்கியிருந்தது. இதையே நுண்செயலி என்கிறோம். 1974-இல் 8080, 1976-இல் ஸைலாக் கம்பெனியின் இசட்-80, 1978-இல் 29,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 8086 என்று இவை வரிசையாக வந்தன. தொழிற்சாலைக் கருவிகளைச் செய்வோரும் இவற்றின் பக்கம் திரும்பினர். 1979-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனி சிமாடிக் எஸ்-5 வரிசையைக் கொண்டு வந்தது. 1986-இல் அமெரிக்காவின் ஆலன்-பிராட்லி கம்பெனி பி.எல்.சி.-5 வரிசையை வெளியிட்டது. சர்க்கரை ஆலை, காகித ஆலை, குடிநீர் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று உலகெங்கும் இவை பரவின.

இக்கருவிகளின் அமைப்பு புத்தக அலமாரியைப் போன்றது. ரேக் எனப்படும் உலோகச் சட்டத்தில் கார்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். லிமிட் சுவிட்சுகளிலிருந்தும் பிற உணர்விகளிலிருந்தும் செய்தியை வாங்கும் கார்டுகள் சில. மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் ஆணையிடும் கார்டுகள் சில. எல்லாவற்றுக்கும் தலைமையாக இருப்பது செயலி கார்டு. அது என்ன செய்கிறது? முதலில் எல்லா உணர்விகளின் நிலையையும் ஒருமுறை படிக்கிறது. பிறகு கட்டளைகளை முதலிலிருந்து கடைசி வரை கணக்கிடுகிறது. முடிவில் ஆணைகளை வெளியே அனுப்புகிறது. உடனே மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒரு செகண்டில் பலமுறை நடக்கிறது.

வாங்கும் கார்டு ஒன்று போனால் அதன் கீழுள்ள சில சுவிட்சுகளே பாதிக்கப்படும். செயலி கார்டு போனால் ஆலையே நிற்கும்.

இரண்டு ஆயுள்கள்

தொழிற்சாலை இயந்திரத்தின் ஆயுள் வேறு; சில்லின் ஆயுள் வேறு. இங்கே சில்லின் ஆயுள் என்று நாம் சொல்வது அது பழுதாகாமல் உழைக்கும் காலத்தை அன்று. கடையில் கிடைக்கும் காலத்தை.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒருங்கிணைந்த சுற்றுகளைப் பெரும்பாலும் வாங்கியவை ராணுவமும் விண்வெளித் துறையுமே. அவர்கள் கேட்டதைக் கம்பெனிகள் செய்து கொடுத்தன. பிறகு கால்குலேட்டர், டெலிவிஷன், வீட்டுக் கணிப்பொறி, செல்பேசி என்று பொதுமக்கள் சந்தை பெருகப் பெருக, ராணுவமும் தொழிற்சாலைகளும் சிறு வாடிக்கைக்காரர்களாகிவிட்டன. சில்லு செய்யும் ஆலையை நடத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். ஆண்டுக்குச் சில ஆயிரம் விற்கும் பழைய சில்லுக்காக அதை நடத்த எவரும் முன்வருவதில்லை.

எடுத்துக்காட்டாக, 1985-இல் பிறந்த இன்டெல் 386 நுண்செயலியை எடுத்துக் கொள்வோம். வீட்டுக் கணிப்பொறிகளில் அது வழக்கொழிந்து நெடுங்காலமான பிறகும் தொழிற்சாலைக் கருவிகளுக்காகத் தொடர்ந்து செய்யப்பட்டது. 2007-ஆம் ஆண்டு செப்டம்பரோடு அதை நிறுத்தப்போவதாக இன்டெல் 2006-இல் அறிவித்தது. 1976-இல் பிறந்த இசட்-80 இன்னும் நெடுநாள் வாழ்ந்தது. அதன் பழைய வடிவச் சில்லுகளுக்குக் கடைசியாக ஆர்டர் கொடுக்கும் நாள் 2024-ஆம் ஆண்டு ஜூன் 14 என்று ஸைலாக் அறிவித்தபோது அதற்கு வயது நாற்பத்தெட்டு. கருவிகளுக்கும் இதே கதிதான். பி.எல்.சி.-5 வரிசை 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு நிறுத்தப்பட்டது.

இத்தகைய அறிவிப்புக்குக் 'கடைசிக் கொள்முதல்' என்று பெயர். "இன்ன தேதிக்குள் எவ்வளவு வேண்டுமோ கேளுங்கள், அதற்குப் பின் கேளாதீர்கள்" என்பதே அதன் பொருள். வாங்குபவருக்கு இது பெரிய சோதனை. இன்னும் இருபது ஆண்டுகளில் எத்தனை கார்டுகள் பழுதாகும் என்று இன்றே கணிக்க வேண்டும். குறைவாக வாங்கினால் ஆலை நிற்கும். அதிகமாக வாங்கினால் பணம் ஸ்டோரில் தூங்கும்.

எங்கே தேடுவது?

தேடலின் கதைகள் சுவையானவை. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் பக்க ராக்கெட்டுகளைச் சோதிக்கும் தரைச் சாதனங்களில் இன்டெல் 8086 சில்லுகள் இருந்தன. ஓடங்கள் முதன்முதலாகப் பறந்தது 1981-இல். 2002-ஆம் ஆண்டு வாக்கில் அச்சில்லுகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. நாசா நிபுணர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இணையவழி ஏலச் சந்தைகளில் தேடினார்கள். கழித்துப் போட்ட பழைய மருத்துவக் கருவிகளை மொத்தமாக வாங்கி, அவற்றிலிருந்த 8086 சில்லுகளைக் கழற்றி எடுத்துச் சேமித்தார்கள். வானில் பறக்கும் ஓடத்துக்கு நோயாளிகளின் அறையில் உழைத்த சில்லு உதவியது!

கனடாவிலிருந்து இன்னொரு செய்தி. அங்கே அணுமின் நிலையங்களில் ரோபோ சாதனங்களை இயக்குவதற்கு, 1970-இல் அறிமுகமான பி.டி.பி.-11 என்ற கணிப்பொறி வகை பயன்பட்டு வந்தது. அதைச் செய்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியே 1998-இல் வேறொரு கம்பெனிக்குக் கைமாறி மறைந்துவிட்டது. ஆனால் 2013-இல், அக்கணிப்பொறியின் அசெம்பிளி மொழியை அறிந்தவர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. 2050-ஆம் ஆண்டு வரை அவற்றை நடத்தும் திட்டம் இருப்பதாகவும் தெரிவிக்கப்பட்டது. அங்கே தேடப்பட்டது சில்லு மட்டும் அன்று. அதை அறிந்த மனிதரும்தான்.

இத்தேவையை நம்பியே சில கம்பெனிகள் வாழ்கின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லான்ஸ்டேல் என்ற கம்பெனி, பெரிய கம்பெனிகள் கைவிட்ட சில்லுகளின் உரிமையையும் அச்சுகளையும் வாங்கித் தொடர்ந்து செய்து விற்கும் தொழிலை 1960-களிலேயே தொடங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1981-இல் தொடங்கிய ராச்செஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, மீந்துபோன சில்லுகளையும் வெட்டப்படாத சிலிக்கான் தட்டுகளையும் செய்தவர்களிடமிருந்தே நேரடியாக வாங்கிச் சேமித்து வைக்கிறது. தேவைப்படும்போது அத்தட்டுகளை வெட்டி உறையிட்டுத் தருகிறது. விதை நெல்லைக் குதிரில் காப்பது போன்ற வேலை இது.

மற்றொரு வழி, பழைய சில்லைப் போலவே நடிக்கும் புதிய சில்லைச் செய்வது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக நியூஜெர்சியில் உள்ள சார்நாஃப் ஆராய்ச்சிக்கூடம் 1980-களின் பிற்பகுதியில் இம்முயற்சியைத் தொடங்கியது. பழைய சில்லின் ஒவ்வொரு காலிலும் என்ன வோல்ட், எவ்வளவு நேரத்தில் வரும் என்பதை அளந்து, இக்காலத் தொழில்நுட்பத்தில் அதே குணமுடைய சில்லை அமைத்தார்கள். பழைய பலகைக்கு வேறுபாடே தெரியாது.

போலிகளின் ஆபத்து

அரிதான பொருளுக்கு விலை ஏறும். விலை ஏறினால் போலி வரும். தங்கத்துக்கும் இது பொருந்தும், சில்லுக்கும் பொருந்தும். குப்பையில் எறிந்த மின்னணுப் பலகைகளை நெருப்பில் வாட்டி, ஈயம் உருகியதும் சில்லுகளைத் தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். மேலுள்ள எழுத்துகளை உரசி அழித்துக் கறுப்புப் பூச்சுப் பூசி, வேறு எண்ணும் புதிய தேதியும் அச்சிட்டுப் 'புதிய சரக்கு' என்று விற்கிறார்கள். அமெரிக்க செனட் சபையின் ராணுவக் குழு இதை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. இரண்டே ஆண்டுக் காலத்தில் சுமார் 1,800 நிகழ்ச்சிகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தேகத்துக்குரிய உறுப்புகள் ராணுவத் தளவாடங்களுக்கான சரக்கில் கலந்திருந்ததை அது காட்டியது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு சில்லின்மீதும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 8321 என்றால் 1983-ஆம் ஆண்டின் 21-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். செய்வதையே நிறுத்திவிட்ட ஆண்டுக்குப் பிந்திய தேதி இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தால் போலிப் பூச்சு கரைந்து வரலாம். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டின் அளவை நல்ல சில்லோடு ஒப்பிடலாம். எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, யாரிடமிருந்து யார் வாங்கியது என்ற சங்கிலி அறுபடாமல் தெரிந்த சரக்கை மட்டுமே வாங்குவது.

போலிச் சில்லு உடனே பழுதானால் அது நல்ல காலம்தான். மேசையில் சோதிக்கும்போது நன்றாக ஓடிவிட்டு, பேனல் சூடேறியதும் தவறாகக் கணக்கிடுமானால், திறக்கக் கூடாத வால்வு திறக்கும். அருகில் நிற்பவர் ஒரு தொழிலாளி என்பதை மறக்கலாகாது.

ஸ்டோரில் தூங்கும் கார்டு

நல்ல கார்டையே வாங்கி ஸ்டோரில் வைத்துவிட்டோம்; இனிக் கவலையில்லை என்று இருக்கலாமா? அதுவும் முடியாது. கார்டுக்கும் மின்வழங்கிக்கும் உள்ளே எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் உண்டு. அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமே அவற்றின் உயிர். பல ஆண்டுகள் மின்சாரம் பாயாமல் கிடந்தால் அப்படலம் நலிந்துவிடும். அதற்கு ஒரேயடியாக முழு வோல்ட் கொடுத்தால் கபாசிட்டர் கெட்டுப்போகும். ஆகவே நெடுநாள் வைத்திருந்த மின்வழங்கிகளை அவ்வப்போது எடுத்து, முறைப்படி வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றி உயிர்ப்பிக்க வேண்டும்.

ஓடிக் கொண்டிருக்கும் கருவியிலோ வெப்பமே எமன். வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது வல்லுநர்கள் பின்பற்றும் விதி. மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் கபாசிட்டர், 65 டிகிரியில் நான்கு மடிப்பாக, அதாவது 16 மடங்கு, 32,000 மணி நேரம் உழைக்கும். இடைவிடாது ஓடினால் இது நான்கு ஆண்டுகூட இல்லை. அதையே 45 டிகிரியில் வைத்தால் 1,28,000 மணி, ஏறத்தாழப் பதினான்கரை ஆண்டுகள்! பேனலின் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பது இப்போது விளங்கும்.

பாட்டரி இன்னொரு கண்ணி. பல பி.எல்.சி.களில் கட்டளைகள் இருப்பது மின்சாரம் நின்றால் அழியும் நினைவகத்தில். மின்சாரம் இல்லாதபோது ஒரு சிறு லித்தியம் பாட்டரியே அதைக் காக்கிறது. பாட்டரி தீர்ந்த செய்தி யாருக்கும் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஆலை ஓடும். பராமரிப்புக்காக ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தினால், மறுபடி போடும்போது மூளையில் ஒன்றும் இராது. இத்தகைய கருவிகளில் பாட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்ற விதி இதனால்தான். மாற்றும் முன் கட்டளைகளைப் படியெடுத்து வைப்பது அதைவிட நல்லது.

மாற்றும் கை

கார்டை மாற்றும் வேலையும் எளிதன்று. உலர்ந்த நாளில் நம் உடம்பில் பல ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் சேரும். சுமார் 3,000 வோல்ட் ஆனால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். சில்லுக்கோ அதில் ஒரு சிறு பகுதி போதும், உள்ளே துளை விழும். ஆகவே மணிக்கட்டில் பட்டை கட்டி அதைப் பூமியோடு இணைத்த பிறகே கார்டைத் தொட வேண்டும். கார்டின் எண் பொருந்தினால் மட்டும் போதாது. அதன் உள்ளே நிரந்தரமாக எழுதியுள்ள மென்பொருளின் பதிப்பும், நினைவகத்தின் அளவும், பலகையில் உள்ள சிறு சுவிட்சுகளின் நிலையும் பொருந்த வேண்டும். கழற்றும் முன் சுவிட்சுகளைப் படமெடுத்துக் கொள்வது அனுபவசாலிகள் வழக்கம்.

இனி, பழைய செயலி கிடைக்கவே இல்லை; புதிய வரிசைச் செயலியைப் போடுகிறோம் என்று கொள்வோம். கட்டளைகளை அப்படியே மொழிமாற்றிப் புதியதில் ஏற்றுகிறோம். புதியது பழையதைவிடப் பன்மடங்கு வேகமானது. வேகம் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் எதிர்பாராத விபரீதம் காத்திருக்கிறது.

பழைய செயலி ஒரு சுற்றுக்கு 50 மில்லி செகண்டு எடுத்தது என்று வைத்துக் கொள்வோம். ஒரு சொலினாய்டு வால்வுக்கு அது ஆணையிடுகிறது. ஆணை வெளியே சென்றபின் வரும் இரண்டாவது சுற்றில், வால்வு திறந்துவிட்டதா என்று லிமிட் சுவிட்சைப் பார்க்கிறது. திறக்கவில்லையானால் இயந்திரத்தை நிறுத்துகிறது. வால்வு திறக்க 30 மில்லி செகண்டு ஆகும். சுற்று மெதுவானதால் அதற்குள் வால்வு திறந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தது. புதிய செயலியின் சுற்றுக்கோ 5 மில்லி செகண்டுதான். அது இரண்டாவது சுற்றில் பார்க்கும்போது வால்வு நகரத் தொடங்கியிருக்கும், திறந்திராது. பழுது என்று எண்ணி இயந்திரத்தை நிறுத்திவிடும்! கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வால்விலும் குறையில்லை. பழைய செயலியின் மந்தமே ஒரு பாகமாக இருந்து வேலை செய்திருக்கிறது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு சிறு காலக்கணக்கியைக் கட்டளையில் சேர்த்தால் குறை தீரும். ஆனால் எங்கே சேர்ப்பது என்று தெரிய வேண்டுமே!

அதனால்தான் செயலியை மாற்றும் பொறுப்புள்ளவர்கள் புதியதைத் தனியே மேசையில் வைத்து, உணர்விகளுக்குப் பதில் சுவிட்சுகளையும் வால்வுகளுக்குப் பதில் விளக்குகளையும் இணைத்து, ஒவ்வொரு நிலையையும் சோதித்த பின்பே ஆலைக்குள் கொண்டு போகிறார்கள். அவசர நிறுத்தப் பொத்தானை எல்லாவற்றுக்கும் முதலில் சோதிக்கிறார்கள்.

எழுதி வைக்காத அறிவு

இவ்வளவும் பார்த்த பின் ஓர் உண்மை புலப்படும். சில்லு கிடைக்காதது பாதிக் கஷ்டமே. மறுபாதி, அந்த இயந்திரம் என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்ற அறிவு கிடைக்காதது. பழைய பி.எல்.சி.களின் செயலி, கட்டளைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். "இது மூன்றாம் தொட்டியின் மேல்மட்டச் சுவிட்ச்" என்பது போன்ற குறிப்புகள் அதில் இரா. அவை கட்டளை எழுதியவரின் கணிப்பொறியில் நெகிழ்தட்டிலோ, தாளிலோ, அவருடைய தலையிலோ இருந்தன. கணிப்பொறி போயிற்று, தட்டில் பூஞ்சை படர்ந்தது, அவரும் ஓய்வு பெற்றுப் போனார். மிஞ்சியது எண்களின் காடு. அதில் ஒவ்வொரு எண்ணும் எந்தக் கம்பிக்குப் போகிறது என்று கையால் தேடிக் கண்டுபிடித்தவர்களின் உழைப்பை எந்த வரலாறும் பதிவதில்லை.

இப்படி நிற்கும் ஆலைக்கு முன் மூன்று பாதைகள் உள்ளன. கிடைக்கும் பழைய கார்டுகளைச் சேர்த்து வைத்து ஓட்டுவது ஒன்று. செலவு குறைவு, ஆனால் முடிவு நிச்சயம், எந்த நாள் என்பதே தெரியாது. செயலியை மட்டும் மாற்றிப் பழைய கம்பி இணைப்புகளையும் பிற கார்டுகளையும் அப்படியே வைத்துக் கொள்வது இரண்டாவது. பலரும் இதையே விரும்புகிறார்கள். முழுவதையும் மாற்றுவது மூன்றாவது. பணமும் நீண்ட நிறுத்தமும் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் நாமே தேதி குறித்துச் செய்வது நல்லது. பழுது வந்து நம்மைத் துரத்தும் வரை காத்திருந்தால், அன்றிரவு எவனோ ஒருவனிடம், எதுவோ ஒரு சில்லை, சொன்ன விலைக்கு வாங்க நேரும். பொருள்கள் வழக்கொழிவதை முன்கூட்டியே திட்டமிட்டுச் சமாளிப்பதற்கென்றே 2007-இல் ஒரு சர்வதேசத் தர விதி ஏற்பட்டது. அதன் எண் ஐ.இ.சி. 62402.

1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டது, செருகிக் கழற்றக்கூடிய உறுப்புகளை. அது கிடைத்தது. கழற்றிய இடத்தில் செருகுவதற்கு ஒன்று என்றென்றும் கிடைக்கும் என்று அன்று யாரும் உறுதி தரவில்லை, தரவும் முடியாது. இன்று நாம் பொருத்தும் புதிய செயலியும் ஒரு நாள் பழையதாகும். அதை மாற்ற வரப்போகும் இளைஞர் இப்போது பள்ளியில் படித்துக் கொண்டிருக்கலாம். இக்கட்டுரையைப் படிக்கும் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம். அவருக்காகச் செய்யக்கூடிய உதவி பெரிதாக ஒன்றுமில்லை. கம்பி இணைப்புப் படம், கட்டளைகளின் படி, ஒவ்வொரு கட்டளையும் எதற்காக என்ற ஒரு வரிக் குறிப்பு, மாற்றிய தேதி, இவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பேனலின் கதவுக்குள் வைத்துப் பூட்டுவதே. சில்லு கிடைக்காமற் போகும் நாளில் அந்த நோட்டு கைகொடுக்கும்.